கேட்கப்படாத கேள்வி
ஒரு விஞ்ஞானக் கருவியை உருவாக்கும்போது யார், எப்போது, எதைக் கேட்க வேண்டும்? ஹப்பிள் தந்த பாடத்துக்கு விலை அதிகம்.

எல்லாம் சில வாஷர்களில் தொடங்கியது. 1980 வாக்கில் அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்தில், பெர்கின்-எல்மர் நிறுவனம் ஹப்பிள் விண்வெளித் தொலைநோக்கிக்கான 2.4 மீட்டர் கண்ணாடியைத் தேய்த்து மெருகேற்றிக்கொண்டிருந்தது. கண்ணாடியின் வளைவைச் சரிபார்க்கும் சோதனைக் கருவியில் ஒரு லென்ஸ், அளந்து குறித்த இடத்துக்கு இறங்க மறுத்தது. வாஷர்களைச் செருகி இறக்கினார்கள். தானாகப் பொருந்தியிருக்க வேண்டிய லென்ஸ் ஏன் பொருந்தவில்லை? யாரும் கேட்கவில்லை.

அளந்ததிலேயே 1.3 மி.மீ. பிழை. அந்தத் தவறான கருவி சொன்னபடியே கண்ணாடி வெகு கச்சிதமாகத் தேய்க்கப்பட்டது. விளிம்பில் நேர்ந்த பிழை தலைமுடியின் தடிமனில் சுமார் ஐம்பதில் ஒரு பங்குதான். வேறு இரண்டு சோதனைகள் கோளாறைக் காட்டின. அவற்றின் துல்லியம் போதாது என்று ஒதுக்கிவிட்டார்கள். முழுத் தொலைநோக்கியையும் தரையில் ஒருசேரச் சோதிக்கவும் இல்லை. செலவு பயமுறுத்தியது.

1990 ஏப்ரலில் ஏவப்பட்டது ஹப்பிள். சுமார் 150 கோடி டாலர் செலவில் உருவான அந்தத் தொலைநோக்கி அனுப்பிய படங்களோ மங்கல். லூ ஆலன் தலைமையிலான விசாரணைக் குழு அந்த நவம்பரிலேயே உண்மையை உடைத்தது: பிழைக்கான தடயங்கள் தயாரிப்பின்போதே கண்ணெதிரில் இருந்தன, அவற்றை யாரும் துருவிப் பார்க்கவில்லை. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் நேரில் போய்ச் சரிசெய்தார்கள்.

இப்படிப்பட்ட கேள்விகளைக் கேட்கத்தான் வடிவமைப்புப் பரிசீலனைகள். முதல் கட்டத்தில், எதை எவ்வளவு துல்லியமாக அளக்கப்போகிறோம் என்பது தீர்மானமாகும். அடுத்து, பூர்வாங்க வடிவம் அதற்கு ஈடுகொடுக்குமா என்று அலசுவார்கள். மூன்றாவதுதான் கடுமையானது: உலோகத்தை வெட்டுமுன் வரைபடங்கள் அனைத்தும் மேசைக்கு வர வேண்டும். கடைசியாக, சோதனைக்கு முன்பே எது வெற்றி, எது தோல்வி என்று எழுதிவைத்துவிட வேண்டும். முடிவு வந்தபின் எழுதினால் மனம் சமாதானம் தேடும்.

தேதி குறிப்பது சுலபம். ஆள் தேர்வில்தான் சிக்கல். கருவியைக் கட்டுபவர்களே பரிசீலிக்கவும் உட்கார்ந்தால் தலையாட்டல்தான் மிஞ்சும். வேலையில் பங்கில்லாத, ஆனால் தொழில் தெரிந்த ஒருவராவது அங்கே வேண்டும். எழும் ஒவ்வொரு கேள்விக்கும் ஓர் எண், பதில் சொல்ல ஒரு பொறுப்பாளர், ஒரு கெடு. பதில் வராமல் அடுத்த கட்டம் கிடையாது.

நாசா கற்றுக்கொண்டது. பூமியிலிருந்து 15 லட்சம் கி.மீ. தொலைவுக்குச் செல்லவிருந்த ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியைப் பழுதுபார்க்க யாரையும் அனுப்ப முடியாது. எனவே 2017-ல் ஹூஸ்டனின் குளிர் அறையில் அதன் கண்ணாடிகளும் கருவிகளும் ஒன்றாகச் சுமார் 100 நாள் சோதிக்கப்பட்டன. 2021 டிசம்பர் 25 அன்று கிளம்பிய வெப், தெளிவான படங்களை அனுப்பியது.

இந்தியாவுக்கும் இது தூரத்துக் கதையல்ல. ஈர்ப்பு அலைகளைப் பிடிக்க மகாராஷ்டிராவின் ஹிங்கோலி மாவட்டத்தில் லைகோ-இந்தியா ஆய்வகம் அமைக்க மத்திய அமைச்சரவை 2023 ஏப்ரலில் சுமார் 2,600 கோடி ரூபாய் ஒதுக்கியது. தலா 4 கி.மீ. நீளமுள்ள இரு கைகள். அவை அளக்க வேண்டியதோ அணுக்கருவைவிடச் சிறிய அசைவு. அங்கும் என்றாவது ஒரு பாகம் பொருந்த மறுக்கும். அப்போது வாஷரைத் தேடும் கையைத் தடுத்து, "ஏன்?" என்று கேட்க ஓர் ஆள் இருக்க வேண்டும்.