செப்புக் காசில் மரவரி

அமெரிக்க நாட்டின் பழைய ஒரு சென்ட் காசுகளுள் சிலவற்றை வெளிச்சத்தில் சாய்த்துப் பார்ப்போருக்கு, இது செம்பா, தேக்கா என்னும் ஐயம் ஒரு கணம் எழும். ஆபிரகாம் லிங்கனின் நெற்றியிலும் கன்னத்திலும் தாடியிலும், அவரைச் சூழ்ந்த வெற்றிடத்திலும், மஞ்சளும் பழுப்புமாக மெல்லிய வரிகள் இணையிணையாக ஓடும். இழைத்து மெருகிட்ட பலகையில் நாம் காணும் வரிகளைப் போன்றவையே அவை. நாணயம் சேகரிப்போர் இத்தகைய காசை 'வுடி' என்று செல்லமாக அழைப்பர். நாம் மரவரிக் காசு என்று சொல்லிக்கொள்வோம்.

இவ்வழகு எவரும் திட்டமிட்டுச் செய்ததன்று. உலைக்களத்தில் நேர்ந்த குறை. 1864ஆம் ஆண்டில் அமெரிக்கச் சென்ட் காசு வெண்கலத்துக்கு மாறியது. அதில் 95 விழுக்காடு செம்பு. எஞ்சிய 5 விழுக்காடு வெள்ளீயமும் துத்தநாகமும். இவற்றை உருக்கி ஒன்றாகும்வரை நன்கு கலக்க வேண்டும். கலக்கியது போதாவிடில், சரியாகப் பிசையாத மாவில் வெல்லம் திட்டுத்திட்டாக நிற்பதுபோல், ஓரிடத்தில் செம்பு மிகுந்தும் மற்றோரிடத்தில் குறைந்தும் உலோகம் உறைந்துவிடும். அக்கட்டியை உருளைகளுக்கிடையே செலுத்தித் தகடாக நீட்டும்போது திட்டுகளும் உடன் நீண்டு கோடுகளாகின்றன. அத்தகட்டிலிருந்து வட்ட வில்லைகளை வெட்டியெடுத்து அச்சடிக்கின்றனர்.

அச்சடித்த புதிதில் இக்கோடுகள் பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். காற்றும் ஈரமும் பட்டு ஆண்டுகள் கழியும்போது, ஒவ்வொரு கோடும் தன் கலவைக்கேற்ப ஒரு விதமாய் நிறம் மாறுகிறது. அப்போதுதான் வரி துலங்கும். வட்ட வில்லைக்குத் தலையும் இல்லை, காலும் இல்லை. அச்சுக்கு நடுவே அது எப்படி விழுந்ததோ அப்படியே அடி வாங்குகிறது. ஆகவே ஒரு காசில் வரி லிங்கனின் முகத்தில் நெடுக்காக இறங்கும். மற்றொன்றில் குறுக்கே பாயும். ஒன்றைப்போல் மற்றொன்று அமைவதில்லை.

லிங்கன் பிறந்து நூறாண்டு நிறைந்ததையொட்டி 1909இல் அவரது உருவம் சென்ட் காசில் ஏறியது. வடிவமைத்தவர் விக்டர் டேவிட் பிரென்னர் என்னும் சிற்பி. அக்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ நாணயச் சாலை வெளியிட்ட காசுகளில் மரவரி மிகுதியாகக் காணப்படுகிறது. ஆண்டைக் குறிக்கும் எண்ணுக்குக் கீழே 'எஸ்' என்னும் சிற்றெழுத்து இருந்தால் அது அங்கு அடித்த காசு. அவற்றுள் 1909ஆம் ஆண்டுக்குரியதாய், பின்புறத்தில் பிரென்னரின் பெயரெழுத்துகளும் உடையவை 4,84,000 மட்டுமே. அந்தக் காசின் உயர்ந்த விலைக்குக் காரணம் அதன் அருமைப்பாடு, வரியன்று. பொதுவாகக் கிடைக்கும் ஆண்டுகளின் மரவரிக் காசு அழகியதே. ஆயினும் அதற்குப் பெரும்பொருள் கேட்போரிடம் கைகட்டி நிற்க வேண்டியதில்லை என்பது என் கருத்து.

குறையுள்ள சரக்கைக் குறை சொல்லியே விற்க வேண்டும் என்பது கடைத்தெரு அறிந்த ஒழுக்கம். இங்கோ குறையை உரக்கச் சொன்னால்தான் விலை ஏறுகிறது! ஆதலின் இல்லாத குறையை இருப்பதாகக் காட்டுவோரும் உண்டு. மண்ணில் கிடந்து கறைபட்ட காசும், மருந்து தடவி நிறமேற்றிய காசும் மரவரி என்னும் பெயரில் கைமாறுகின்றன.

மெய்யான வரி எங்கிருந்து வந்தது என்பதை மறவாதவரை ஏமாற்றுதல் எளிதன்று. உண்மை வரி உலோகத்தோடு பிறந்தது. எனவே உருவத்தையும் எழுத்தையும் பொருட்படுத்தாமல் ஊடுருவி நேரே ஓடும். மேலே படிந்த கறையோ எழுத்துகளின் ஓரங்களில் தேங்கி நிற்கும். விளிம்பில் ஓரிடத்தை விரலால் குறித்துக்கொண்டு காசைப் புரட்டிப் பாருங்கள். இருபுறமும் வரி இருந்தால், தகடு நீண்ட அதே திசையில்தான் இரண்டும் செல்லும். ஒரு புறத்தில் மட்டும் வரி தெளிவாக இருப்பதும் உண்டு. அதனாலேயே அதைப் பொய்யென்று தள்ளிவிடலாகாது.

ஆண்டையும் நோக்க வேண்டும். 1962இல் வெள்ளீயம் நீக்கப்பட்டது. செம்பும் துத்தநாகமும் தொடர்ந்தன. 1982இல் துத்தநாக வில்லைக்கு மெல்லிய செப்புப் பூச்சு இடும் முறை வந்தது. பூச்சுக் காசில் கோடு தெரிந்தால் அது பூச்சின் குறையாகலாம். நாம் பேசும் மரவரி ஆகாது. 1982ஆம் ஆண்டுக் காசுகளில் இருவகையும் உண்டு. நிறுத்துப் பார்த்தால் பழையது 3.1 கிராம், புதியது 2.5 கிராம். புழக்கத்துக்கென இக்காசை அடிப்பதும் 2025 நவம்பரில் ஃபிலடெல்ஃபியாவில் நின்றுபோயிற்று.

இத்தகைய காசு ஒன்று உறவினர் வழியாகவோ பிள்ளைகளின் சேகரிப்பிலோ உங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தால், செப்புக் குடத்தைப் புளியிட்டுத் துலக்கும் பழக்கத்தை அதனிடம் காட்டாதீர்கள். வரியை வெளிக்காட்டுவது இத்தனை ஆண்டுகளாய் ஏறிய நிறமே. புளியும் எலுமிச்சையும் அந்நிறத்தைத் தின்றுவிடும். காசு பளபளக்கும், வரி மங்கிப்போகும், தேய்த்த கீறல்கள் எஞ்சும். மீண்டும் அந்நிறம் ஏறக் காத்திருக்க நம் ஆயுள் போதாது. மெருகு தேய்ந்த காசை அறிந்தவர் விலைக்கும் கொள்ளார். விரல் ரேகையும் செம்பில் பதியும் என்பதால் காசை விளிம்பில் மட்டுமே பிடிக்க வேண்டும். மிருதுவான பி.வி.சி. உறைகள் நாளடைவில் கசிந்து செம்பின்மேல் பச்சைப் பசையாகப் படியும். அட்டைக்கு நடுவே மைலார் தாள் வைத்த சிறு உறைகள் நாணயக் கடைகளில் கிடைக்கின்றன. அவற்றுள் இட்டு ஈரம் புகாத பெட்டியில் வைத்தால் போதும்.