மண் மாறுமிடத்தில் முறியும் குழாய்

1906 ஏப்ரல் 18 அன்று அமெரிக்காவின் சான் பிரான்சிஸ்கோ நகரை நிலநடுக்கம் தாக்கியது. தொடர்ந்து மூண்ட தீயை அணைக்கப் போதிய நீர் கிடைக்கவில்லை. மண்ணுக்குள் புதைந்திருந்த குழாய்கள் பல இடங்களில் முறிந்திருந்தன. சதுப்பு நிலத்தைத் தூர்த்த பகுதிகளில் சேதம் மிகுதி. நகரம் ஏறத்தாழ மூன்று நாட்கள் எரிந்தது.

மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும் குழாய் ஏன் முறிகிறது என்று நீங்கள் கேட்கலாம். புதைந்த குழாய் தனித்து ஆடுவதில்லை. சுற்றியுள்ள மண்ணோடு சேர்ந்தே அசைகிறது. கெட்டியான தரை சிறிதளவே அசையும். இளகிய மண்ணோ மிகுதியாக ஆடும், சரியும். இரண்டும் சந்திக்கும் இடத்தில் குழாய் இருபுறமும் வெவ்வேறு விதமாக இழுபட்டு முறிகிறது.

நீர் செறிந்த தளர்ந்த மணலில் இன்னொரு விந்தையும் நிகழ்கிறது. குலுக்கலில் மணல் துகள்கள் நெருங்க முயல்கின்றன. இடையிலுள்ள நீர் உடனே வெளியேற வழியின்றி அழுத்தம் பெறுகிறது. துகள்களின் பிடி தளர்ந்து மணல் குழம்பாகிறது. அப்போது கனமான கட்டடம் அமிழும். உள்ளே வெற்றிடமுள்ள தொட்டி மிதக்கும். 1964இல் ஜப்பானின் நீகாட்டா நகரில் புதைந்திருந்த கழிவுநீர்த் தொட்டி இவ்வாறே தரைக்கு மேல் எழும்பியது.

ஆகவே பொறியாளர்கள் குழாய் செல்லும் வழியெங்கும் துளையிட்டு மண்ணைச் சோதிக்கின்றனர். தளர்ந்த மணலை இறுக்குகின்றனர். மண் மாறுமிடங்களில் வளைந்து கொடுக்கும் இணைப்புகளைப் பொருத்துகின்றனர். தீயணைக்க நீர் வருமா என்பதை அந்தச் சிறு இணைப்புகளும் தீர்மானிக்கின்றன.