இரு சக்கரச் சென்னை – 17: முதுகை விட்டு இறங்கிய மூட்டை

மலையே இல்லாத ஊரில் மவுன்டன் பைக் எதற்கு என்று கேட்பவர்கள், மயிலாப்பூரிலிருந்து தியாகராய நகர் வரை ஒருமுறை சைக்கிளில் போய்வந்தால் போதும். லஸ், மந்தைவெளி, பசுமைவழிச் சாலை, அடையாறு, பனகல் பூங்கா என்று மெட்ரோ ரயிலின் இரண்டாம் கட்டப் பணி நகரின் இந்தப் பகுதியைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடக்கிறது. போக்குவரத்தைத் திருப்பிவிட்ட தெருக்களில் ஜல்லி, ஒட்டுப்போட்ட தார், பள்ளத்தின் மேல் கிடத்திய இரும்புத் தகடு. இரண்டு அங்குல அகல டயரும் முன்பக்கம் ஷாக் அப்சார்பரும் உள்ள சைக்கிள் இங்கே ஆடம்பரம் அல்ல, தேவை.

டயருக்கு எமனும் அதே சாலைதான். கான்கிரீட் வேலையில் கம்பிகளைக் கட்டப் பயன்படும் மெல்லிய கட்டுக்கம்பியின் ஒரு துண்டு போதும். டயருக்குள் நேராக இறங்கி, அரைக் கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் காற்று போவது தெரியும். கம்பியே இல்லாவிட்டாலும், பள்ளத்தின் விளிம்பில் வேகமாக மோதினால் ரிம்முக்கும் கல்லுக்கும் இடையே டியூப் நசுங்கிப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு ஓட்டை விழும். சைக்கிள்காரர்கள் இதைப் ‘பாம்புக்கடி’ என்பார்கள்.

டயரில் எவ்வளவு காற்று வைப்பது என்று சென்ற வாரம் பார்த்தோம். காற்று இறங்கிவிட்டால் கையில் என்ன இருக்க வேண்டும், அதை முதுகில் சுமக்காமல் எங்கே வைப்பது என்பது இந்த வாரத்துக்கான விஷயம்.

முதுகுப் பை மவுன்டன் பைக்கோடு ஒட்டிக்கொண்டதற்குக் காரணமே வெயில்தான். அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், விச்சிட்டா ஃபால்ஸ் நகரில், ஆகஸ்ட் மாத வெயிலில் நூறு மைல் ஓட்டும் ‘ஹாட்டர் தன் ஹெல் ஹண்ட்ரட்’ (Hotter'N Hell Hundred) என்ற நிகழ்ச்சி உண்டு. 1980களின் இறுதியில் அதில் கலந்துகொண்ட மைக்கேல் ஐட்சன், அவசர மருத்துவ உதவிப் பணியில் இருந்தவர். நோயாளிகளுக்கு டிரிப்ஸ் ஏற்றும் பையில் தண்ணீரை நிரப்பி, ஒரு நீளமான காலுறைக்குள் செருகி, சட்டையின் முதுகுப் பக்கம் குத்திக்கொண்டு, குழாய் வழியாக உறிஞ்சிக் குடித்தபடி ஓட்டினார். அந்த யோசனைதான் 1989-ல் கேமல்பேக் என்ற நிறுவனமாயிற்று. காட்டுப் பாதைகளில் ஓட்டுகிறவர்கள் அதை ஆசையோடு மாட்டிக்கொண்டார்கள். தண்ணீர் முதுகுக்குப் போனதும் பம்ப், டியூப், ஸ்பேனர் எல்லாம் அதன் பின்னாலேயே ஏறிக்கொண்டன.

சென்னைக்கு இந்த ஏற்பாடு ஒத்துவருவதில்லை. கடற்கரை ஊரின் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காய்வதே சிரமம். உடம்பில் நன்றாக வியர்க்கும் முதுகையும் பையால் மூடிவிட்டால், சூடு வெளியேற இருந்த ஒரு நல்ல வழியும் அடைபடுகிறது. பையின் எடை உடம்பின் மேல்பாதியில் இருப்பதால் திருப்பத்தில் சாயும்போதும், பள்ளத்தில் இறங்கி ஏறும்போதும் ஆட்டம் கூடுகிறது. எல்லாவற்றையும்விட முக்கியமானது பாதுகாப்பு. மல்லாக்க விழ நேர்ந்தால் முதுகெலும்புக்கும் தரைக்கும் நடுவில் இரும்புச் சாமான் இருக்கக்கூடாது.

சைக்கிள் தன் கருவிகளைத் தானே சுமந்த காலம் ஒன்று இருந்தது. முருகப்பா குழுமம் இங்கிலாந்தின் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 1949-ல் டிஐ சைக்கிள்ஸைத் தொடங்கி, அம்பத்தூர் தொழிற்சாலையில் ஹெர்குலிஸ் வண்டிகளைத் தயாரித்தது. அந்தக் காலத்து ஆங்கிலேய பாணி வண்டிகளில் சீட்டுக்குப் பின்னால் ஸ்பேனரும் பஞ்சர் சாமானும் வைக்கச் சின்னத் தோல் பை தொங்கும். பம்ப்பைப் பொருத்திக்கொள்ள பிரேமிலேயே கொக்கி இருக்கும். ஓட்டுகிறவர் கையை வீசிக்கொண்டு ஏறி உட்கார்ந்தால் போதும்.

பந்தய உலகம் இதை மறந்து, பிறகு மறுபடி கற்றுக்கொண்டது. 1913 டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் யூஜின் கிறிஸ்டோஃபின் முன் ஃபோர்க், டூர்மலே கணவாயிலிருந்து இறங்கும்போது உடைந்தது. வெளியாள் உதவி கூடாது என்பது அன்றைய விதி. சைக்கிளைச் சுமந்துகொண்டு பத்து கிலோமீட்டருக்கும் மேல் நடந்து, சாந்த் மாரி டி காம்பான் என்ற ஊரின் கொல்லுப்பட்டறையில் தன் கையாலேயே இரும்பைக் காய்ச்சி அடித்துச் சரிசெய்தார். துருத்தியை ஒரு சிறுவன் ஊதினான் என்பதற்காக அவருக்கு அபராத நிமிடங்கள் விதித்தார்கள். சரியாக நூறு ஆண்டு கழித்து, 2013-ல், ‘எண்டூரோ வேர்ல்டு சீரீஸ்’ என்ற மலைப் பந்தயத் தொடர் பிறந்தது. நாள் முழுக்க மலையில் இருக்க வேண்டும். பழுதைப் பெரும்பாலும் ஓட்டுகிறவரே பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த வீரர்கள் பையைக் கழற்றிவிட்டு டியூப்பை பிரேமிலேயே வாரால் இறுக்கிக் கட்டினார்கள். தயாரிப்பாளர்களும் அவர்கள் பின்னால் வந்தார்கள். ஸ்பெஷலைஸ்டு நிறுவனம் 2016 மாடல் ஸ்டம்ப்ஜம்ப்பரின் கீழ்க்குழாயில் ஒரு கதவு வைத்து, உள்ளே டியூப்பும் பம்ப்பும் வைக்க இடம் கொடுத்தது. கனடாவின் ஒன்அப் நிறுவனம் ஹேண்டில்பாருக்குக் கீழே ஃபோர்க்கின் நடுத்தண்டுக்குள் மல்டி டூலையே ஒளித்துவைத்தது.

நெடுந்தூரம் ஓட்டும் சென்னைக்காரர்களுக்கும் இது பழக்கமான சங்கதி. மெட்ராஸ் ராண்டனர்ஸ் போன்ற குழுக்கள் நடத்தும் பிரெவே ஓட்டங்களில் 200 கிலோமீட்டரை பதின்மூன்றரை மணி நேரத்திலும், 600 கிலோமீட்டரை 40 மணி நேரத்திலும் முடிக்க வேண்டும். கட்டுப்பாட்டு மையங்களைத் தவிர வழியில் வேறெங்கும் சொந்த ஆட்களின் உதவியைப் பெறக்கூடாது.

நகருக்குள் ஓட்டுகிறவருக்கு அவ்வளவு கடுமை கிடையாது. இங்கே எதை எடுத்துப்போவது என்பதைத் தெருமுனைப் பஞ்சர் கடையே தீர்மானித்துவிடுகிறது. தண்ணீர்த் தொட்டி, உப்புத்தாள், சொல்யூஷன், கம்ப்ரஸர் எல்லாம் அங்கே உண்டு. ஓட்டையைக் கண்டுபிடித்து ஒட்டுவதில் அந்தக் கைகளுக்கு ஈடில்லை. ஆனால், உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

“அண்ணே, இருபத்தொம்போது சைஸ் டியூப் இருக்கா?”

“நம்மகிட்ட இருபத்தெட்டு வரைக்கும்தான் தம்பி. வீலக் கழட்டிக் குடுங்க, ஒட்டித் தரேன்.”

பெயரில் ஒரு அங்குலம் கூடினாலும் 29 அங்குல ரிம் உண்மையில் சிறியது. டயர் உட்காரும் இடத்தின் விட்டம் அதில் 622 மில்லிமீட்டர். பழைய 28 அங்குலத்தில் 635. 27.5 என்ற அளவில் 584. மூன்றும் தனித்தனி உலகம். எனவே, பஞ்சர் கடையில் கிடைக்காதவைதான் சைக்கிளில் இருக்க வேண்டும்: சொந்த அளவு டியூப் ஒன்று, இரண்டு டயர் லிவர், கையடக்க பம்ப், 4, 5, 6 மில்லிமீட்டர் ஆலன் கீயும், டிஸ்க் பிரேக்குக்கான டி25 நட்சத்திரச் சாவியும், செயின் கட்டரும் அடங்கிய மல்டி டூல், அறுந்த செயினை இணைக்கக் குயிக் லிங்க். கடை ஷட்டர் திறக்காத விடியற்காலையில் கிளம்புகிறவர்கள் பஞ்சர் ஒட்டும் பேட்ச்சும் வைத்துக்கொள்வது நல்லது.

வால்வு விஷயத்தில் கொஞ்சம் கவனம் தேவை. மோட்டார் சைக்கிளில் இருப்பதுபோன்ற தடித்த ஷ்ரேடர் வால்வு என்றால் எந்தக் கம்ப்ரஸரிலும் காற்று பிடிக்கலாம். தலையில் குட்டி நட்டு வைத்த மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் கடையின் குழாய் அதில் உட்காராது. சில கிராம் எடையுள்ள பித்தளை அடாப்டர் ஒன்றை வால்விலேயே திருகி விட்டுவைத்தால் கவலை தீர்ந்தது. கம்ப்ரஸரில் காற்றைக் கொஞ்சம் கொஞ்சமாக விடச் சொல்ல வேண்டும். ஒரே மூச்சில் ஏற்றினால் டியூப் வெடிக்கலாம்.

மொத்தச் சாமானும் சேர்ந்து ஒரு கிலோவைத் தாண்டாது. அதற்கான இடம் சைக்கிளிலேயே இருக்கிறது.

முதல் இடம் சீட்டுக்கு அடியில். கைப்பிடி அளவுப் பை போதும். ஆனால், பொத்தானை அழுத்தினால் சீட் இறங்கும் வண்டியிலும், பின்பக்க ஷாக் உள்ள வண்டியிலும் சீட்டை முழுக்க இறக்கி, ஆள் உட்கார்ந்து அமுக்கிப் பார்க்க வேண்டும். பை டயரில் உரசினால் ஒரே பயணத்தில் கிழிந்துவிடும்.

இரண்டாவது இடம் பிரேமின் முக்கோணம். மேல்குழாயும் சீட் குழாயும் சேரும் மூலை பெரும்பாலும் சும்மா கிடக்கிறது. அங்கே டியூப்பைக் கட்ட வெளிநாட்டு வார் கிடைக்கிறது; விலை அதிகம். பழைய டியூப்பை நீளவாக்கில் கீறினால் அதே வேலையைச் செய்யும் பட்டை கிடைத்துவிடும். பால் கேனையும் தண்ணீர் கேனையும் கேரியரில் கட்ட நம் ஊர்க்காரர்கள் காலங்காலமாகப் பயன்படுத்துவது அதைத்தான்.

டியூப்பைச் சுருட்டுவதிலும் ஒரு முறை இருக்கிறது. வால்வைத் திறந்து காற்றை ஒட்ட வெளியேற்றி, வால்வுக்கு எதிர்முனையிலிருந்து இறுக்கமாகச் சுருட்டி வர வேண்டும். மிச்சக் காற்றும் வெளியேறிவிடும். வால்வுக்கு மூடி போட்டு, கொஞ்சம் முகப் பவுடர் தூவி, பழைய துணியிலோ தடித்த பிளாஸ்டிக் உறையிலோ சுற்ற வேண்டும். வெறும் டியூப்பையும் மல்டி டூலையும் ஒரே பையில் போட்டுவைத்தால், சாலையின் அதிர்வில் இரும்பு ரப்பரை உரசிக்கொண்டே இருக்கும். கடையிலிருந்து வந்த புது டியூப், தேவைப்படும் நாளில் ஊசித்துளையோடு வெளியே வரும். பிரேமில் கட்டும்போது உறை இன்னும் முக்கியம். வெயிலும் தூசியும் ரப்பரைக் கெடுக்கும்.

மூன்றாவது இடம் பாட்டில் கூடு. இரண்டு கூடு உள்ள வண்டியில் ஒன்றில் அகலவாய் டப்பா வைத்து, சாமான்களைத் துணியில் சுருட்டிப் போடலாம். பம்ப்புக்குக் கூட்டின் பக்கவாட்டிலேயே பிடிமானம் கிடைக்கிறது. பிறகு, கண்ணில் படாத சின்னச் சின்ன இடங்கள். குயிக் லிங்க்கை பிரேக் ஹோஸில் டேப் சுற்றி ஒட்டிவிடலாம். அந்த டேப்பையே பம்ப்பின் மேல் சில சுற்று சுற்றி வைத்தால் அவசரத்துக்கு ஆகும். பின் கியரைத் தாங்கும் ஹேங்கர் வண்டிக்கு வண்டி மாறுபடும். விழுந்தால் முதலில் வளைவதும் அதுதான். 2019-ல் ஸ்ராம் நிறுவனம் எல்லா வண்டிக்கும் பொதுவான ஹேங்கர் ஒன்றை அறிமுகப்படுத்தியது. அது இல்லாத வண்டிக்காரர்கள் தங்கள் மாடலுக்கு ஏற்றதை ஒன்று வாங்கி, சீட்டின் அடிக்கம்பியில் கட்டிவிடலாம்.

சென்னைக்கென்று இரண்டு எச்சரிக்கைகள். பெசன்ட் நகர், சாந்தோம் பக்கம் தினமும் ஓட்டுகிறவர்களின் கருவியை உப்புக்காற்று விடாது. வெளியே தெரியும்படி பொருத்திய மல்டி டூலின் திருகுகள் துருப்பிடித்து இறுகிக்கொள்ளும். மாதம் ஒருமுறை எண்ணெய்த் துணியால் துடைத்து, ஒவ்வொரு சாவியையும் விரித்து மடக்கிப் பார்க்க வேண்டும். அடுத்தது, திருட்டு. காபி குடிக்க மயிலாப்பூரில் நிறுத்தினாலும், பாண்டி பஜாரில் பூட்டிவிட்டுப் போனாலும், கொக்கியில் மாட்டிய பை கைக்கு எட்டும் பொருள்தான். கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளும் பையோ, குழாய்க்குள் ஒளிந்திருக்கும் கருவியோ நல்லது.

நகரைத் தாண்டினால் கணக்கு மாறும். ஆந்திர எல்லைக்கு அப்பால் நாகலாபுரம் மலையடிவாரத்தில், அல்லது ஏரிக்கரை மண்பாதையில், முதல் எதிரி சீமைக்கருவேல முள். ஒரே டயரில் நாலைந்து முள் ஏறினால் ஒரு டியூப் எந்த மூலைக்கு? அங்கே டியூப்லெஸ் டயரும் உள்ளே ஊற்றும் ரப்பர்ப்பால் சீலன்ட்டும்தான் கைகொடுக்கும். சின்னத் துளையை அது தானாகவே அடைத்துக்கொள்ளும். பெரிய ஓட்டைக்கு ரப்பர்த் திரியைக் குத்தி அடைக்க வேண்டும். சீலன்ட் சூட்டில் காய்ந்துபோகும் என்பதால், குளிர்நாட்டுக் கணக்கில் சொன்ன இடைவெளியை நம்பாமல் முன்னதாகவே திறந்து பார்ப்பது அவசியம். டயரே கிழிந்தால் உள்பக்கம் வைக்க, பழைய டயரிலிருந்து வெட்டிய இரண்டு விரல் அகலத் துண்டு ஒன்று வேண்டும்.

பதினான்கு கொண்டை ஊசி வளைவுள்ள ஏலகிரியில் ஏறி இறங்குகிறவருக்கு பிரேக் பேட் ஒரு ஜோடி கூடுதலாகத் தேவை. மவுன்டன் பைக்கின் வரலாறே சூடேறிய பிரேக்கோடு பிறந்ததுதான். 1976-ல் கலிபோர்னியாவில் டமால்பயஸ் மலைப்பகுதியில் நடந்த இறக்கப் பந்தயத்துக்கு ‘ரீபேக்’ என்று பெயர் வந்தது, ஒவ்வொரு முறை இறங்கிய பிறகும் பின் ஹப் பிரேக்கில் கிரீஸ் தீய்ந்துபோய், புதிதாக அடைக்க வேண்டியிருந்ததால்தான்.

தண்ணீர் கிடைக்காத இடத்தில் மூன்று லிட்டர் சுமக்க வேண்டும் என்றால் முதுகுப் பைக்கு அங்கே நியாயம் உண்டு. அப்போதும் பையில் தண்ணீர் மட்டும் இருக்கட்டும். இரும்பு சைக்கிளில் இருக்கட்டும்.

கட்டி முடித்த பிறகு வீட்டு மொட்டை மாடியில் ஒரு ஒத்திகை பார்க்க வேண்டும். வீட்டுக் கருவிப்பெட்டியைத் தொடாமல், சைக்கிளில் உள்ளதை மட்டும் கொண்டு பின்சக்கரத்தைக் கழற்றி, டியூப் மாற்றி, அந்தக் குட்டி பம்ப்பாலேயே முழுக் காற்றும் அடித்துப் பார்க்க வேண்டும். மல்டி டூலின் கை அச்சாணியைத் திருகப் போதாது, லிவர் டயரைத் தூக்கும்போது வளைகிறது, பம்ப்பின் வாய் வால்வில் நிற்கவில்லை என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஒருமுறை, கோடை தொடங்கும் முன் ஒருமுறை இதைச் செய்துவிட்டால் ஆண்டு முழுக்கப் போதும்.

அடுத்த வாரம்: தண்ணீர் தேங்கிய சாலையில் ஓட்டிய சைக்கிளை வீட்டுக்கு வந்ததும் என்ன செய்ய வேண்டும்?

(தொடரும்)