மன்னார்க் கரையின் உடல்நலம் – 6: வெள்ளைத் தழும்பு எந்தப் பக்கம் போகும்?

இலங்கை ஆண்களிடம் மிக அதிகமாகக் காணப்படுவது வாய்ப்புற்றுநோய் என்பதைச் சென்ற வாரம் பார்த்தோம். புகையிலை சேராத பாக்கே தனியாகப் புற்றுநோயை உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2004இல் வெளியிட்ட அறிக்கையையும் பார்த்தோம். இந்த வாரம் அதற்கு அடுத்த கேள்வி. பேசாலையிலோ வங்காலையிலோ பல காலமாக வெற்றிலை போடும் ஒருவருடைய கன்னத்தின் உட்புறத்தில் வெள்ளைத் தழும்பு ஒன்று தெரிகிறது. அது புற்றாக மாறுமா? இப்படியான தழும்புகளில் பெரும்பாலானவை மாறுவதில்லை. மாறப்போவது எது என்று வெறுங்கண்ணால் பிரித்தறியவும் முடியாது. சிறு துண்டு வெட்டி நுண்ணோக்கியில் பார்க்கும் நிபுணர்களே ஒத்துப்போவதில்லை. ஒரே துண்டில் ஒருவர் இலேசான மாற்றம் காண்கிறார், இன்னொருவர் நடுத்தரம் என்கிறார். தழும்பை வெட்டி எடுப்பதா, ஆறு மாதம் பொறுத்துப் பார்ப்பதா என்பது நிபுணரின் இந்தச் சொல்லில்தான் தங்கியிருக்கிறது.

மரபணு வெளிப்பாட்டுச் சோதனை இந்த இடத்தில்தான் வருகிறது. கலத்தின் வடிவம் கெடுவதற்கு முன்பே அதற்குள் சில மரபணுக்கள் அளவுக்கு மீறி வேலை செய்யத் தொடங்குகின்றன; வேறு சில அடங்கிப்போகின்றன. ஒரு மரபணு எவ்வளவு வேலை செய்கிறது என்பதை, அது அனுப்பும் தூது ஆர்.என்.ஏ. எவ்வளவு இருக்கிறது என்று அளந்து அறியலாம். இலண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தில் முய்-டெக் டே தலைமையிலான குழு, கலப்பிரிவை முடுக்கும் ஃபாக்ஸ்-எம்-1 என்ற மரபணுவை மையமாக வைத்து, 16 மரபணுக்களின் அளவுகளை ஒரே எண்ணாகத் திரட்டும் முறையொன்றை 2013இல் வெளியிட்டது. பிரித்தானியாவிலும் நோர்வேயிலும் 299 நோயாளிகளிடமிருந்து பெற்ற திசுக்களில் அதைச் சோதித்திருந்தார்கள். அரை அரிசியளவுகூட இல்லாத திசு போதும். முடிவு மூன்று மணித்தியாலத்துக்குள் வரும். கருவியும் புதியதல்ல. கொரோனாக் காலத்தில் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையிலும் யாழ். பல்கலைக்கழக மருத்துவ பீடத்திலும் இரவுபகலாக ஓடிய பி.சி.ஆர். இயந்திரத்தின் வகைதான் அது.

இந்தச் சோதனை இலண்டனைவிட மன்னாருக்கே அதிகம் தேவை என்பது என் வாதம். காரணம் தூரம். மகரகம அபேக்ஷா வைத்தியசாலை இங்கிருந்து 300 கிலோமீற்றருக்கு அப்பால். தெல்லிப்பழைப் புற்றுநோய் வைத்தியசாலைக்கு, பூநகரி, சங்குப்பிட்டிப் பாலம் வழியாகப் போனாலும் நூறு கிலோமீற்றருக்கு மேல். ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு நாள் தொழில் போகிறது. வலியே இல்லாத தழும்புக்காகக் கடலுக்குப் போவதை விட்டுவிட்டு ஒரு மனிதர் எத்தனை முறை பஸ் ஏறுவார்? சமன் வர்ணகுலசூரிய தலைமையில் இலங்கையில் நடந்து 1984இல் வெளிவந்த ஆய்வு இதற்குப் பதில் சொல்கிறது. ஆரம்பச் சுகாதாரப் பணியாளர்கள் இருபத்தெட்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வாயைப் பார்த்து, 1,220 பேரை மேல் பரிசோதனைக்கு அனுப்பினார்கள். பணியாளர்களின் கண்கள் பெரும்பாலும் சரியாகவே கண்டிருந்தன. ஆனாலும் அனுப்பப்பட்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர்தான் போய்ச் சேர்ந்தார்கள். யாருக்கு அவசரம், யார் பொறுத்திருக்கலாம் என்று ஊரிலேயே பிரித்துச் சொல்ல முடியாதபோது, அவசரமானவரும் அந்தப் போகாத பாதிக்குள் சிக்கிக்கொள்கிறார்.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. கையில் இருக்கிற பணத்தை வாயைத் திறந்து பார்க்கும் வேலைக்கே செலவிடுங்கள், மரபணு எதற்கு என்பார்கள். கேரளத்தில் திருவனந்தபுரம் மாவட்டத்தில் 1996 முதல் நடந்த பெரும் ஆய்வு அவர்கள் பக்கம் நிற்கிறது. வாயைக் கண்ணால் பரிசோதித்ததாலேயே, புகையிலையோ மதுவோ பாவித்தவர்களிடையே வாய்ப்புற்றுநோய் இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. இதை நான் முழுமையாக ஏற்கிறேன். கண்பரிசோதனை நடக்காத ஊருக்கு மரபணுச் சோதனையால் பயனில்லை. அது முதற்படிக்கு மாற்றாகாது. ஆனால் முதற்படி நன்றாக நடக்க நடக்க, கண்டுபிடிக்கப்படும் தழும்புகள் பெருகும். அப்போது இரண்டாம் படி இல்லையென்றால் பயமும் வீண் பயணமும்தான் மிஞ்சும்.

எனக்குக் கூடுதல் கவலை தருவது இன்னொரு மறுப்பு. இலண்டன் குழு வகுத்த அந்த எண்ணில், ஆபத்தைக் குறிக்கும் எல்லைக்கோடு முதலில் ஐரோப்பியத் திசுக்களை வைத்து வரையப்பட்டது. அங்கே முதன்மைக் காரணங்கள் சிகரெட்டும் மதுவும். நோய் பெரும்பாலும் நாக்கிலும் வாயின் அடித்தளத்திலும் வரும். நம்மவருக்கு வெற்றிலை ஒதுக்கும் கன்னத்திலும் ஈறுகளிலும் வருகிறது. அவ்விடத்துப் புற்றை ஆராய்ந்த இந்திய மரபணுத் தொகுதித் திட்டக் குழு 2013இல், முன்பு கவனிக்கப்படாத பல மரபணுக்களிலும் மாற்றங்களைக் கண்டது. ஆகவே இலண்டனின் எண்ணை அப்படியே இங்கு பொருத்தினால், ஆபத்தானவரிடம் 'பயமில்லை' என்று சொல்லி அனுப்பிவிட நேரலாம். ஆர்.என்.ஏ.யோ எளிதில் சிதைவது; மன்னார் வெயிலில் பாதுகாப்புத் திரவமில்லாமல் தாங்காது. இவை சோதனையைக் கைவிடுவதற்கான காரணங்கள் அல்ல. நம்முடைய திசுக்களை வைத்து நாமே எல்லை வகுக்க வேண்டும் என்பதற்கான காரணங்கள்.

மன்னார் மாவட்டப் பொது வைத்தியசாலையில் எடுக்கப்படும் ஒவ்வொரு வாய்த் திசுவிலும், நோயாளியின் சம்மதத்தோடு ஒரு சிறு துண்டைப் பாதுகாப்புத் திரவத்தில் இட்டு யாழ்ப்பாணத்தில் சேமிக்க ஆரம்பிக்கலாம். அந்த நோயாளிகளை ஐந்தாறு வருடம் தொடர்ந்து கவனித்தால்தான் நமக்குரிய எண் கிடைக்கும். மாகாண சுகாதாரத் திணைக்களமும் யாழ். மருத்துவ பீடமும் இந்த வேலையை இந்த வருடமே தொடங்க வேண்டும். அதுவரை, இரண்டு வாரத்தில் ஆறாத தழும்போ புண்ணோ வாயில் இருப்பவர்கள் அருகிலுள்ள அரசாங்கப் பல் வைத்தியரிடம் காட்டுங்கள்.

(தொடரும்)