தங்கவயலில் ஒரு வாடகை வீடு

இடமாறுதல் ஆணை வந்த அன்று மாலை, வீட்டில் மூவரும் வரைபடத்தை வைத்துக்கொண்டு அமர்ந்தோம். கோலார் தங்கவயல் என்றதும், எட்டாம் வகுப்பில் படிக்கும் என் மகளுக்கு 2018-இல் வந்த திரைப்படந்தான் நினைவுக்கு வந்தது. அங்கே இன்னும் தங்கம் எடுக்கிறார்களா என்று கேட்டாள். சுரங்கம் 2001 பிப்ரவரி 28 அன்றே மூடப்பட்டுவிட்டது என்றேன். "அப்படியானால் அங்கே இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள்?" என்றாள். அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் விடை இல்லை.

வங்கி அலுவலருக்கு ஊர் மாறுவது புதிதன்று. ஆயினும் சென்னையிலேயே பிறந்து வளர்ந்த எனக்கு, ஒன்றரை லட்சம் பேருக்குச் சற்று அதிகமானவர்கள் வாழும் ஒரு நடுத்தர நகரம் பழக்கமில்லாதது. குடும்பத்தைச் சென்னையில் விட்டுவிட்டு நான் மட்டும் போவதா, எல்லோரும் போவதா என்று ஒரு மாதம் பேசினோம். பெரிய தடையாகத் தெரிந்தது மொழி. கர்நாடகப் பள்ளிகளில் கன்னடம் கட்டாயப் பாடம். முடிவில் மகளே, "எழுத்து வட்டவட்டமாக அழகாகத்தான் இருக்கிறது" என்று சொல்லித் தீர்ப்பளித்தாள்.

ராபர்ட்சன்பேட்டையில் வந்திறங்கிய முதல் நாளே அந்தத் தடை பாதி கரைந்துவிட்டது. காய்கறிக் கடையிலும் மருந்துக் கடையிலும் தமிழ்தான். அரசு மொழி கன்னடம், தெரு மொழி தமிழ். அயோத்திதாசரின் எழுத்துகளை நூல்களாக வெளியிட்ட சித்தார்த்தா புத்தகசாலை இந்த ஊரில் இருந்ததுதான். பேத்தமங்கலம் ஏரியைப் பார்க்கச் சென்றபோது இதன் காரணம் கண்ணுக்கு முன் விரிந்தது. பாலாறு இந்த வழியாகத்தான் தமிழ்நாட்டுக்கு இறங்கிச் செல்கிறது. ஜான் டெய்லர் கம்பெனி 1880-இல் சுரங்கத் தொழிலைக் கையில் எடுத்தபின், வட ஆற்காட்டு மக்கள் அதற்கு எதிர்த்திசையில் மேட்டை நோக்கி ஏறி வந்தார்கள்.

வாடகை, சென்னையில் கொடுத்ததில் பாதிகூட இல்லை. கடல்மட்டத்துக்கு மேல் 800 மீட்டருக்கும் அதிகமான உயரம் என்பதால் மின்விசிறி இல்லாமலே பல இரவுகள் கழிகின்றன. வேலைக்கு நடந்தே போகிறேன். இவையெல்லாம் வரவு. செலவுப் பக்கத்தையும் மறைக்கக் கூடாது. தண்ணீர் வரும் நாளைக் கணக்கிட்டுத் தொட்டியை நிரப்ப வேண்டும். பெரிய மருத்துவம் என்றால் பெங்களூருதான், அது ஏறத்தாழ 100 கிலோமீட்டர். காற்று பலமாக வீசும் நாள்களில் ஜன்னலைச் சாத்த வேண்டும். தங்கம் பிரித்தெடுத்தபின் கொட்டிய கழிவு மண், சயனைடு மேடு என்று ஊரார் சொல்லும் குன்றுகளாக நிற்கிறது. அதன் தூசி மொட்டைமாடித் துணிகளில் மெல்லிய சாம்பல் நிறத்தில் படியும்.

புதிய ஊருக்குக் குடிபெயரும் வாடிக்கையாளர்களுக்கு இடையில் ஒரு சொல். கணக்கை வேறு கிளைக்கு மாற்றினாலும் கணக்கு எண் மாறாது. ஆனால் கிளையின் ஐ.எஃப்.எஸ்.சி. குறியீடு மாறிவிடும். பணம் அனுப்புகிறவர்களிடம் அதைச் சொல்லிவிடுங்கள். மாநிலம் மாறினால் நில ஆவணங்களின் பெயரும் மாறும். தமிழ்நாட்டில் பட்டா என்று கேட்டுப் பழகியவர்கள், கர்நாடகத்தில் விளைநிலத்துக்குப் பஹணி, நகரத்து மனைக்குக் கத்தா என்று கேட்க வேண்டும். சென்னை விரைவுச்சாலை ஒசகோட்டையிலிருந்து பேத்தமங்கலம் வரை வந்துவிட்டபின் மனை விளம்பரங்கள் பெருகிவிட்டன. ஆவணங்களைப் படிக்கத் தெரியாமல் முன்பணம் கொடுக்க வேண்டாம்.

மகளின் கேள்விக்கு விடை ஒரு விடியற்காலையில் கிடைத்தது. சென்னைக்குப் போக நேர்ந்தபோது, பங்காருப்பேட்டை சென்று ரயில் மாறுவதற்காக மாரிக்குப்பத்தில் ஏறினேன். இன்னும் இருட்டுத்தான். நடைமேடை நிறையக் கூட்டம். சாம்பியன், உரிகாம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிலையத்திலும் மேலும் மேலும் ஏறினார்கள். கொத்தனார், காவலாளி, செவிலியர், கணினி நிறுவன ஊழியர் எல்லோரும் ஒரே பெட்டியில். பெரும்பாலோர் ஏறியதும் உறங்கிவிட்டார்கள். மாதச் சீட்டு எடுத்துக்கொண்டு தினமும் பெங்களூருக்குச் சென்று இரவில் திரும்புகிறவர்கள் அவர்கள். எதிரே இருந்த இளைஞரிடம், "பெங்களூரிலேயே ஓர் அறை எடுத்துக்கொள்ளலாமே?" என்று கேட்டேன். "வீடு இங்க இருக்கே சார்" என்றார். எளிய பதில் என்று அப்போது எண்ணினேன்.

அந்த 'வீடு' என்ன என்பதைப் பின்னர்தான் கிளையில் அறிந்தேன்.

ஆயுள் சான்றிதழுக்காக ஒரு முதியவர் வந்திருந்தார். பணியில் பெரும்பகுதியைச் சாம்பியன் சுரங்கத்தில் கழித்தவர். 3 கிலோமீட்டருக்கும் அதிக ஆழம் கொண்ட சுரங்கம் அது. விரல்ரேகைக் கருவியில் நான்கு முறை விரலை வைத்தும் பதியவில்லை. "ரேகையெல்லாம் பாறையோட போயிருச்சு சார்" என்று சிரித்தார். 2021 முதல் முகத்தைக் கொண்டே டிஜிட்டல் ஆயுள் சான்றிதழ் பெறும் வசதி இருப்பதால், கைபேசியை அவர் முகத்துக்கு நேரே பிடித்தோம். கண்ணிமைக்கச் சொன்னது, இமைத்தார், முடிந்தது. உயிரோடு இருப்பதைச் சொல்ல முகம் போதும் என்பதில் அவருக்கு மிகுந்த மகிழ்ச்சி.

எழுந்தவர் மீண்டும் அமர்ந்தார். கூரை ஒழுகுகிறது, பழுதுபார்க்கக் கடன் வேண்டும் என்றார். வீடு யார் பெயரில் என்று கேட்டேன். "கம்பெனி வீடு சார். லைன் வீடு. எங்கப்பா இருந்தார், நான் அங்கதான் பொறந்தேன்." கிரயப் பத்திரம் இல்லை. அவருக்கு மட்டுமன்று, அந்த வரிசையில் உள்ள பலருக்கும் இல்லை. வேலை போனது, வீட்டில் மட்டும் இருந்துகொண்டிருக்கிறார்கள். உரிமை எழுத்தில் வருமென்று இரண்டு தலைமுறையாகக் காத்திருக்கிறார்கள்.

இருபது ஆண்டுக்கு மேல் கடன் விண்ணப்பங்களைப் பார்த்திருக்கிறேன். வருமானம் போதாமல், தவணை தவறி, ஆவணம் பொய்யாக இருந்து மறுத்திருக்கிறேன். எழுபது ஆண்டு வாழ்ந்த வீட்டின் கூரைக்காக வந்த ஒருவரிடம், அந்த வீடு உங்களுடையதென்று காட்ட வழியில்லை என்று சொன்னது அதுவே முதல் முறை. விதி அதுதான், அதை மீற எனக்கு அதிகாரமும் இல்லை, மீறவும் கூடாது. ஆயினும் அன்று மதிய உணவு இறங்கவில்லை.

1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து இந்தச் சுரங்கத்துக்கு மின்சாரம் கொண்டுவந்தார்கள். பெங்களூருத் தெருக்களில் மின்விளக்கு எரிந்ததற்கு மூன்றாண்டுகள் முன்பு. 120 ஆண்டுகளில் ஏறத்தாழ 800 டன் தங்கம் எடுத்தார்கள். வணிகவியல் படித்தவன் என்பதால் இத்தகைய எண்களைக் கண்டால் மறுபக்கப் பதிவைத் தேடும் வழக்கம் எனக்கு உண்டு. மறுபக்கத்தில் ஒரு தகரக் கூரை ஒழுகிக்கொண்டிருந்தது.

மறுவாரம் அவரை மகனோடு வரச் சொன்னேன். மகன் அந்த ரயிலில் போகிறவர்தான், பெங்களூரில் ஒரு தனியார் நிறுவனத்தில் நிலையான சம்பளம். வீட்டை ஈடாக வைக்காமல், சம்பளத்தின் பேரில் தனிநபர் கடன் தர முடிந்தது. வீட்டுக் கடனைவிட வட்டி கூடுதல் என்பதை ஒளிக்காமல் சொன்னேன். தேவைக்கு மேல் ஒரு ரூபாயும் வாங்க வேண்டாம் என்றும் சொன்னேன். கேட்ட தொகையைக் குறைத்துக்கொண்டார்கள். பத்திரம் இருந்திருந்தால் அந்தக் கூடுதல் வட்டி அவர்கள் கையிலேயே நின்றிருக்கும்.

மழைக்கு முன்னர்க் கூரை மாற்றியாகிவிட்டது என்று அழைத்தார்கள். மகளையும் அழைத்துக்கொண்டு போனேன். இரண்டே அறை, தலை தட்டும் வாசல், பின்னால் முருங்கை மரம். மகள் வாசல் சுவரில் சுண்ணாம்பில் எழுதியிருந்த கன்னட எண்ணை எழுத்துக்கூட்டிப் படித்தாள். முதியவர் வியந்து, "எனக்கே படிக்கத் தெரியாது பாப்பா. இத்தனை வருசமா என்ன நம்பர்னு தபால்காரர்தான் சொல்வார்" என்றார். பிறகு உள்ளே போய், புதுத் தகரத்தின் மேல் ஒரு செம்பு தண்ணீரை ஊற்றிவிட்டு வந்து, கீழே நின்று நாங்கள் அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.