சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்
சொந்தக் காரைக் கப்பலேற்றும் முன் கவனிக்க வேண்டியவை

நம் சங்க உறுப்பினர்களில் பலர் வீட்டுப் பிள்ளைகள் இன்று துபாயிலும் மஸ்கட்டிலும் சிங்கப்பூரிலும் லண்டனிலும் வேலை பார்க்கிறார்கள். சிலர் ஊருக்கே திரும்புகிறார்கள், சிலர் ஒரு நாட்டிலிருந்து மற்றொரு நாட்டுக்கு மாறுகிறார்கள். அப்போது வரும் கேள்விகளில் ஒன்று, "அங்கே வைத்திருக்கும் காரை என்ன செய்வது?" என்பது. இந்தக் கேள்விக்கு நாம் ஒரு முறை தவறான பதிலைச் சொல்லி, அதற்கு விலையும் கொடுத்திருக்கிறோம். நம் அனுபவம் மற்றவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் வெட்கத்தை விட்டு இதை எழுதுகிறோம்.

நாம் விருதுநகரில் பருப்பு மொத்த வியாபாரம் செய்பவர்கள். பர்மா உளுந்தும் துவரையும் தூத்துக்குடித் துறைமுகம் வழியாக எத்தனையோ முறை இறக்கியிருக்கிறோம். பி.எல்., பில் ஆஃப் எண்ட்ரி, டெமரேஜ் எல்லாம் நமக்குப் பழக்கம். அந்தத் தைரியம்தான் நம்மைக் கெடுத்தது.

நம் தங்கை மகன் துபாயில் பதினோரு வருடம் வேலை பார்த்தவர். 2018-இல் வேலையை விட்டுவிட்டு ஊரில் மளிகைக் கடை வைக்கப் போவதாகச் சொன்னார். கையில் கடைக்கான முதலும், ஐந்து வருடம் ஓடிய ஒரு காரும் இருந்தன. "மாமா, அங்கே விற்றால் பாதி விலைக்குத்தான் கேட்கிறார்கள். கொண்டு வந்துவிடவா?" என்று போனில் கேட்டார். நாம் யோசிக்கவே இல்லை. "கொண்டு வாங்க மாப்பிள்ளை, கிளியரிங் எல்லாம் நான் பார்த்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டோம். அங்கிருந்த ஏற்றுமதி ஏஜெண்ட் ஒருவரும் "ஒரு சிரமமும் இல்லை" என்று சொல்லிப் பணத்தை வாங்கிக்கொண்டார். வண்டி சென்னைக்குக் கப்பல் ஏறியது.

சென்னையில் நின்ற பெட்டி

பெட்டி வந்து இறங்கியதும் நம் கிளியரிங் ஏஜெண்டிடம் காகிதங்களைக் கொடுத்தோம். அவர் இரண்டு நிமிடம் பார்த்தார். "அண்ணாச்சி, ஸ்டீயரிங் எந்தப் பக்கம்?" என்று கேட்டார். அப்போதுதான் நமக்கு உறைத்தது. துபாயில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன, ஸ்டீயரிங் இடப்பக்கம் இருக்கும். நம் நாட்டு இறக்குமதி விதியோ ஸ்டீயரிங் வலப்பக்கம் இருக்க வேண்டும் என்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 120-ஆவது பிரிவும் இடப்பக்க ஸ்டீயரிங் வண்டியைச் சும்மா ஓட்ட விடுவதில்லை.

அதோடு முடியவில்லை. ஓடிய வண்டி தயாரித்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்கு மேற்படக் கூடாது, மும்பைத் துறைமுகம் வழியாகத்தான் வர வேண்டும், வேகமானி கிலோமீட்டரில் காட்ட வேண்டும், முகப்பு விளக்கு இடப்பக்கப் போக்குவரத்துக்கு ஏற்றதாக இருக்க வேண்டும் என்பவை பொது விதிகள். ஏற்றுமுன் அந்நாட்டிலும், இறங்கியபின் புனேயில் உள்ள ஏ.ஆர்.ஏ.ஐ. போன்ற இந்தியச் சோதனை நிலையத்திலும் சான்று பெற வேண்டும். நம் மாப்பிள்ளை வண்டி வேகமானியைத் தவிர எதிலும் தேறவில்லை.

"வீட்டுச் சாமான்களோடு பேக்கேஜாகக் காட்டிவிடலாமே?" என்று நாம் கேட்டோம். அதற்கும் வழியில்லை. சுங்கச் சட்டம் 1962, 2(3)-ஆவது பிரிவில் பேக்கேஜ் என்றால் என்ன என்று சொல்லும் இடத்திலேயே மோட்டார் வாகனம் அதில் சேராது என்று எழுதியிருக்கிறது. கட்டில், பீரோ, ஃபிரிட்ஜ் எல்லாம் பேக்கேஜில் வரும். கார் ஒரு நாளும் வராது. வெளிநாட்டில் தொடர்ந்து இரண்டு வருடம் இருந்துவிட்டு நிரந்தரமாகத் திரும்புகிறவர், குறைந்தது ஒரு வருடம் தம் வசம் வைத்திருந்த காரைக் கொண்டுவரச் சில நிபந்தனைகளில் விலக்கு உண்டு. ஆனால் முழுத் தீர்வையும் கட்டியாக வேண்டும். இடப்பக்க ஸ்டீயரிங்கை அந்த விலக்கு வலப்பக்கம் மாற்றிவிடாது.

விதிக்கு மாறாக வந்த சரக்கை 111(d) பிரிவின்படி பறிமுதல் செய்யலாம். 125-ஆவது பிரிவின்படி அபராதம் கட்டி மீட்க வாய்ப்பு தரலாம். முப்பது நாளில் சரக்கை எடுக்காவிட்டால், 48-ஆவது பிரிவின்படி நோட்டீஸ் கொடுத்து, அனுமதி பெற்று, ஏலத்துக்கும் விடலாம். இது நாம் பருப்பில் கண்ட பாடம்தான். ஆனால் பருப்பை விற்றால் முதல் வரும். இந்தக் காரை வைத்து ஒரு காசும் பார்க்க முடியாது. ஒவ்வொரு நாளும் பெட்டி வாடகை ஒரு பக்கம், துறைமுக வாடகை ஒரு பக்கம் ஏறிக்கொண்டே போனது. விசாரணை முடிந்து, அபராதம் கட்டி, வந்த வழியே திருப்பி அனுப்ப அனுமதி வாங்குவதற்குள் எழுபது நாளுக்கு மேல் ஆகிவிட்டது.

வண்டி திரும்பவும் ஜெபல் அலிக்குப் போய் அங்கேயே விற்கப்பட்டது. போக, வர, வாடகை, அபராதம் எல்லாம் கழித்ததில் விற்ற பணம் செலவுக்கே பற்றவில்லை. மிச்சத்தைக் கடை முதலில் இருந்துதான் எடுத்தார். ஊருக்குள் அந்த வண்டியில் ஒரு சுற்று வரலாம் என்று காத்திருந்த அவர் அப்பாவிடம் நம்மால் முகம் கொடுத்துப் பேச முடியவில்லை. கடை ஒரு வருடம் தள்ளித்தான் திறந்தது. முதல் ஆறு மாதம் நம் கிட்டங்கியிலிருந்து கடனுக்குச் சரக்கு கொடுத்தோம். நாம் செய்த தவறுக்கு அதுதான் நம்மால் முடிந்த பரிகாரம்.

விலையை மட்டும் பார்க்காதீர்கள்

ஒரு வேளை ஸ்டீயரிங் சரியாக இருந்து, வயதும் சரியாக இருந்தால் கொண்டு வந்திருக்கலாமா? கணக்குப் போட்டுப் பாருங்கள். 2018-இல் ஓடிய காருக்கு அடிப்படைச் சுங்கத் தீர்வையே 125 சதவீதம். வண்டி மதிப்பு, கப்பல் கூலி, காப்பீடு மூன்றும் சேர்த்துப் பத்து லட்சம் என்றால், பன்னிரண்டரை லட்சம் தீர்வை. அதன்மேல் ஜி.எஸ்.டி. வேறு. 2025 பட்ஜெட்டில் தீர்வைப் பெயர்களும் விகிதங்களும் மாறினாலும், ஓடிய காருக்குத் தீர்வை வண்டி மதிப்பைத் தாண்டுவது மாறவில்லை. நாம் எழுதிக் கொடுக்கும் விலையை அப்படியே ஏற்பதும் இல்லை. புதிதாக இருந்தபோது என்ன விலையோ அதிலிருந்து தேய்மானம் கழித்துத்தான் மதிப்பிடுகிறார்கள். இதற்குப் பிறகு ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் படிவம் 20, சுங்கக் காகிதங்கள், ஆயுட்கால வரி என்று பதிவுச் செலவு இருக்கிறது. உதிரிப் பாகம் நம் ஊரில் கிடைக்குமா என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பணத்தில் இங்கேயே புது வண்டி வாங்கலாம். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்று நம் பெரியவர்கள் இதைத்தான் சொன்னார்கள்.

ஒழுங்காகச் செய்தவர் ஒருவர்

இதைப் படித்துவிட்டு, காரைக் கப்பலேற்றுவதே தவறு என்று எண்ண வேண்டாம். நாட்டுக்கு நாடு கணக்கு மாறும். நம் சங்க நண்பர் ஒருவரின் மகளும் மருமகனும் சிங்கப்பூரிலிருந்து இங்கிலாந்துக்கு மாறினார்கள். காரையும் கொண்டுபோய், அதே காரை இன்றும் ஓட்டுகிறார்கள். அவர்கள் செய்ததை நண்பரிடம் கேட்டுக் குறித்துக்கொண்டோம்.

இரண்டு நாட்டிலும் வண்டி இடப்பக்கம்தான் ஓடுகிறது. ஆகவே ஸ்டீயரிங் பிரச்சினை இல்லை. சிங்கப்பூரில் கார் வைத்துக்கொள்ளப் பத்து வருட உரிமைச் சான்று வாங்க வேண்டும். பதிவை ரத்து செய்து ஏற்றுமதி செய்தால், மீதிக் காலத்துக்குரிய பணம் திரும்ப வரும். இது அவர்களுக்கு லாபம்.

இங்கிலாந்தில், குடிமாறி வருகிறவர் முன்கூட்டியே விண்ணப்பித்து அனுமதி வாங்கினால் காருக்குத் தீர்வை, வரி விலக்கு உண்டு. அதற்கு அந்நாட்டுக்கு வெளியே தொடர்ந்து 12 மாதம் வசித்திருக்க வேண்டும், வண்டியைக் குறைந்தது 6 மாதம் சொந்தமாக வைத்து ஓட்டியிருக்க வேண்டும், போய்ச் சேர்ந்தபின் 12 மாதம் விற்கவோ வாடகைக்கு விடவோ கூடாது. வண்டி இறங்கிய 14 நாளுக்குள் வரி இலாகாவுக்கு நோவா என்னும் அறிவிப்பைக் கொடுக்க வேண்டும். வண்டி பத்து வருடத்துக்கு உட்பட்டது என்பதால் தனி வாகனச் சோதனை செய்ய வேண்டியிருந்தது. வேகமானியை மைலில் காட்டும்படி செய்து, பின்பக்கப் பனிமூட்ட விளக்கும் சரிபார்த்தார்கள். அதன் பிறகு வி55/5 என்ற படிவத்தில் விண்ணப்பித்து எண் பெற்றார்கள். கப்பல் ஏறுமுன் ஒவ்வொரு காகிதத்தையும் கையில் வைத்திருந்ததால் ஒரு நாள் வாடகை கூட வீண்போகவில்லை.

மற்ற நாடுகளையும் சொல்லிவிடுகிறோம். அமெரிக்காவில், அந்நாட்டுப் பாதுகாப்பு விதிப்படி தயாரிக்காத கார் 25 வருடம் பழையதாக இருந்தால்தான் எளிதில் நுழையும். ஆஸ்திரேலியாவில் இறக்குமதி அனுமதியை வண்டி கப்பல் ஏறுமுன்பே வாங்கிவிட வேண்டும். அமீரகத்தில் வலப்பக்க ஸ்டீயரிங் வண்டியைப் பதிவு செய்ய மாட்டார்கள், ஆகவே இங்கிருந்து அங்கே கொண்டுபோகும் யோசனையை விட்டுவிடுங்கள். இலங்கையில் 2020-இல் வாகன இறக்குமதியை நிறுத்தி, 2025-இல்தான் தனியார் வாகனங்களுக்குத் திறந்தார்கள். விதி ஒரு இரவில் மாறும் என்பதற்கு இது போதும்.

சில மாதம் சுற்றிவிட்டுத் திரும்புகிறவருக்குக் கார்னே என்னும் ஏற்பாடு உண்டு. நம் நாட்டில் மும்பையில் உள்ள மேற்கிந்திய ஆட்டோமொபைல் சங்கம் இதை வழங்குகிறது. ஈட்டுத்தொகை கட்டி இதை எடுத்தால் தீர்வை கட்டாமல் வண்டியை உள்ளே கொண்டுபோய், கெடுவுக்குள் வெளியே கொண்டுவந்துவிட வேண்டும். குடிமாறுகிறவருக்கு இது உதவாது.

கப்பலில் ஏற்றும்போது

வண்டியை ஓட்டியே ஏற்றும் கப்பல், பெட்டியில் அடைத்து அனுப்புவது என்று இரண்டு வழி உண்டு. முதல் வழி பெரும்பாலும் மலிவு. ஆனால் உள்ளே சாமான் வைக்கக் கூடாது. இரண்டாவது வழியில் இருபதடிப் பெட்டியில் ஒரு கார் நிற்கும். சக்கரத்தைக் கட்டையாலும் பெல்ட்டாலும் கட்ட வேண்டும், பேட்டரி இணைப்பை எடுத்துவிட வேண்டும், பெட்ரோல் கொஞ்சமே இருக்க வேண்டும். ஏற்றுமுன் எல்லாப் பக்கமும் தேதி தெரியப் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

காப்பீட்டை மிச்சம் பிடிக்காதீர்கள். 2022-ஆம் வருடம் 'ஃபெலிசிட்டி ஏஸ்' என்ற கப்பல் சுமார் 4,000 கார்களோடு தீப்பிடித்து, அட்லாண்டிக் கடலில் அசோர்ஸ் தீவுகளுக்கு அருகே மூழ்கியது. 2021 மார்ச்சில் சூயஸ் கால்வாயில் 'எவர் கிவன்' ஆறு நாள் சிக்கியபோது, மீட்புச் செலவில் சரக்குக்காரர்களும் பங்கு தர வேண்டும் என்று அறிவித்தார்கள். காப்பீடு இல்லாதவர் தம் சரக்கு நன்றாக இருந்தும் தம் கையிலிருந்து பணம் கட்டித்தான் எடுக்க முடியும்.

இங்கிருந்து நிரந்தரமாகக் கொண்டுபோகிறவர் வங்கிக் கடனை முடித்து, படிவம் 35 கொடுத்து ஆர்.சி. புத்தகத்தில் கடன் பதிவை நீக்க வேண்டும். ஆர்.டி.ஓ.விடம் ஆட்சேபணையின்மைச் சான்றும் வாங்க வேண்டும். அங்கிருந்து கொண்டுவருகிறவர் அந்நாட்டு அபராதங்களைக் கட்டி ஏற்றுமதிச் சான்று பெற வேண்டும். பாஸ்போர்ட், ஆர்.சி., பி.எல். மூன்றிலும் பெயர் ஓர் எழுத்தும் மாறக் கூடாது.

கடைசியாக ஒரு வார்த்தை. ஏற்றுகிறவருக்குக் கப்பல் கூலி வந்தால் போதும். இறக்குகிற ஊரின் சட்டத்தைச் சொல்ல வேண்டியவர் இறக்குகிற ஊரின் கிளியரிங் ஏஜெண்ட்தான். வண்டியின் தயாரிப்பு வருடம், ஸ்டீயரிங் பக்கம், இறங்கும் துறைமுகம் மூன்றையும் ஒரு காகிதத்தில் எழுதி, அவரிடம் எழுத்திலேயே பதில் வாங்குங்கள். நாம் அன்று போனில் "பார்த்துக்கிறேன்" என்று சொல்லுமுன் இதைச் செய்திருந்தால், மாப்பிள்ளை கடை ஒரு வருடம் முன்பே திறந்திருக்கும்.