கருனியின் செயல்நிறுத்தமும் எதிரழைப்பும்: மொழிபெயர்ப்பு நோக்கில் ஒரு விளக்கம்

0. முன்னுரை

கணினித் துறை நூல்களைத் தமிழாக்குவோர் எதிர்கொள்ளும் இடர்ப்பாடுகளுள் சில, சொல் கிடைக்காமையால் எழுவன அல்ல. சொல் குறிக்கும் இயக்கம் தெளிவுபடாமையால் எழுவன. இயக்க முறைமை நின்றுபோகும் தறுவாயில் நிகழும் எதிரழைப்பு என்னும் செயல்முறை இதற்குத் தக்க சான்றாகும். அச்செயல்முறையை விளக்கி, அதனைத் தமிழில் கூறும்போது வினையமைப்பும் துணைவினையும் பொருளை எவ்வாறு மாற்றுகின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

1. இழப்பா, நிறுத்தமா?

நினைவகம், நுண்செயலி, சாதனங்கள் ஆகியவற்றை ஆளும் இயக்க முறைமையின் மையப் பகுதி கருனி எனப்படுகிறது. கர்னல் என்று ஒலிபெயர்த்தால் அது படைத்துறைப் பதவிப் பெயருடன் மயங்கும். கருனி தன் உள்தரவுகளில் முரண்பாட்டைக் காணும்போது, மேலும் இயங்கினால் வட்டிலுள்ள கோப்புகளும் கெடக்கூடும் என்பதால் தன்னைத் தானே நிறுத்திக்கொள்கிறது. லினக்ஸில் இதனைச் செய்யும் செயற்கூறு பேனிக் என்னும் பெயருடையது. விண்டோஸில் இந்நிகழ்ச்சி பக் செக் எனப்படுகிறது; பயனர்கள் இதனை நீண்டகாலமாக நீலத் திரையாக அறிவர்.

பேனிக் என்பதைப் 'பீதி' என்று பெயர்ப்பது பொருந்தாது. பீதி என்பது ஒருவருக்கு ஏற்படுவது. அவர் செய்வது அன்று. 'செயலிழப்பு' என்னும் சொல்லிலும் இதே குறை உண்டு. நில், நிறுத்து என்னும் தன்வினை, பிறவினை இணையுள் இங்கு வேண்டப்படுவது பிறவினையே. ஆகவே 'செயல்நிறுத்தம்' என்பது ஏற்றதாகும். இவ்வேறுபாடு வெறும் சொல்லழகு பற்றியது அன்று. மின்சாரம் தடைப்பட்டோ, வன்பொருள் முற்றிலும் உறைந்தோ கணினி நின்றால் அது செயலிழப்பு. அப்போது எதிரழைப்பு எதுவும் நிகழாது. கருனி தானே நிறுத்தும்போது மட்டுமே அதற்கு இடமுண்டு.

2. எதிரழைப்பு

வழக்கமாகச் சாதன இயக்கி கருனியை அழைத்துப் பணி கொள்கிறது. எதிரழைப்பில் திசை மாறுகிறது. இயக்கி தன் செயற்கூறு ஒன்றின் முகவரியை முன்கூட்டியே கருனியிடம் பதிவு செய்கிறது. செயல்நிறுத்தம் நேரும்போது கருனி அச்செயற்கூற்றை அழைக்கிறது. சாதனத்தை அறிந்த நிலைக்கு மீட்டமைப்பதும், பிழையாய்வுக்கு உதவும் தகவலைத் திரட்டுவதும் இதன் பயன்களாகும். லினக்ஸில் இத்தகைய செயற்கூறுகள் ஓர் அறிவிப்புச் சங்கிலியில் கோக்கப்பட்டு, முன்னுரிமை எண் மிகுந்தது முதலாக அழைக்கப்படுகின்றன.

'திரும்ப அழைத்தல்' என்னும் தொடர் இங்கு மயக்கம் தருகிறது. திரும்ப என்பது மீண்டும் என்ற பொருளையும், அனுப்பியவரை மீட்டுக்கொள்ளல் என்ற பொருளையும் தரும். இங்கு இரண்டும் இல்லை. எதிரொலி, எதிருரை ஆகியவற்றில் 'எதிர்' குறிக்கும் மறுதிசைப் பொருளே இங்கு உரியது. எனவே 'எதிரழைப்பு' எனலாம்.

3. முடியாது, கூடாது

விண்டோஸ் இயக்கிகளுக்கான விதிகளின்படி, செயல்நிறுத்த எதிரழைப்பில் நினைவகம் ஒதுக்குதல், வட்டுக்கு மாற்றப்படத்தக்க நினைவகத்தை அணுகுதல், பூட்டு முதலிய ஒத்திசைவு முறைகளைப் பயன்படுத்துதல் ஆகியவை விலக்கப்பட்டவை. இவ்விலக்கை இருவகையாகத் தமிழில் கூறலாம்.

(1) இச்செயற்கூற்றால் நினைவகத்தை ஒதுக்கிக்கொள்ள முடியாது.
(2) இச்செயற்கூறு நினைவகத்தை ஒதுக்கிக்கொள்ளக் கூடாது.

(1) இயலாமையைக் கூறுகிறது; (2) விலக்கைக் கூறுகிறது. முதல் தொடரைப் படிக்கும் நிரலர், முயன்றால் கருனி மறுத்துப் பிழைக்குறி ஒன்றைத் திருப்பித் தரும் என்று கருத இடமுண்டு. உண்மையில் தடுப்பார் எவரும் இல்லை. கருனி நிற்கும்போது ஒரு நுண்செயலியைத் தவிர மற்றவை நிறுத்தப்படுகின்றன. நினைவக ஒதுக்கீட்டைக் காக்கும் பூட்டை, நிறுத்தப்பட்ட நுண்செயலி ஒன்று அப்போது கைக்கொண்டிருக்கலாம். எஞ்சிய நுண்செயலி அப்பூட்டுக்காகக் காத்திருந்தால் அக்காத்திருப்புக்கு முடிவே இராது. நினைவக நகல் அதுவரை எழுதப்படாதிருப்பின் இனியும் எழுதப்படாது; பிழையின் காரணத்தை அறியும் வாய்ப்பும் அத்துடன் அழியும்.

இயலாமைக்கும் இங்கு இடம் இல்லாமல் இல்லை. விண்டோஸில் இச்செயற்கூறு குறுக்கீட்டு நிலைகளுள் மிக உயர்ந்ததில் இயங்குகிறது. வட்டுக்குச் சென்ற நினைவகப் பக்கத்தை அந்நிலையில் மீட்டுக் கொணர இயலாது. ஆதலால் அதனை அணுகக் கூடாது. காரணத்துக்கு 'இயலாது', விதிக்குக் 'கூடாது' எனப் பகுத்து எழுதுவதே தெளிவு. ஆங்கிலத் தொழில்நுட்ப உரைநடையில் ஒரே எதிர்மறைத் துணைவினை இவ்விரு பொருளிலும் வருவதால், மூலத்தை மட்டும் பார்த்து இதனை முடிவு செய்ய முடிவதில்லை.

4. முன்னரா, பின்னரா?

'செயல்நிறுத்தத்தின்போது' என்னும் தொடர் காலத்தைக் காட்டும், வரிசையைக் காட்டாது. இங்கோ வரிசையே இன்றியமையாதது. விண்டோஸ் எக்ஸ்பியின் முதல் திருத்தத் தொகுப்பு தொடங்கி, பொதுவான எதிரழைப்பு சேமிக்கும் தகவல் நினைவக நகலில் இடம்பெறுவதில்லை. நகலில் தகவல் சேர்ப்பதற்கெனத் தனி எதிரழைப்பு வகை உண்டு. லினக்ஸில், நினைவக நகல் எடுப்பதற்கான மாற்றுக் கருனி ஏற்றப்பட்டிருந்தால், இயல்பான அமைப்பில் கட்டுப்பாடு உடனே அதனிடம் செல்கிறது. அறிவிப்புச் சங்கிலி இயங்குவதே இல்லை. சங்கிலியை முதலில் இயக்க வேண்டுமாயின் அதற்குரிய தொடக்க அளவுருவை அமைத்தல் வேண்டும். எனவே '-போது' என்பதை விடுத்து, 'நகல் எழுதப்படுவதற்கு முன்னர்', 'எழுதப்பட்ட பின்னர்' என எழுதுவது தேவையாகிறது.

5. முடிவுரை

அழைப்பவர் யார், எப்போது அழைக்கிறார், அழைக்கப்பட்டவருக்கு விலக்கப்பட்டவை யாவை என்னும் மூன்று வினாக்களுக்கு விடை கண்ட பின்னரே இத்துறைத் தொடர்களைத் தமிழாக்குதல் நலம். முதல் வினா கலைச்சொல்லையும், இரண்டாவது வினையெச்ச அமைப்பையும், மூன்றாவது துணைவினையையும் முடிவு செய்கின்றன. தன்வினை, பிறவினை வேறுபாடும் கூடாது, முடியாது என்னும் வேறுபாடும் தமிழில் வழக்கில் உள்ளவையே. புதுச்சொல் படைப்பதற்கு முன் இவற்றை உரிய இடத்தில் ஆள்வதே மொழிபெயர்ப்பாளரின் முதற்பணி ஆகும்.